மண் சுமந்த பெருமானும் மாயை என்னும் முதற்பொருளும்

திருச்சிற்றம்பலம்



ஆவணி மூலத் திருவிழாவிலே பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கண்டு தொழுது, அதன் நினைவு நீங்காத நெஞ்சோடு, வைகையின் வடகரையாகிய இக் கோரிப்பாளையத்திலே நாம் கூடியிருக்கின்றோம். பெருமான் கூடையிலே சுமந்த அந்த மண் எங்கிருந்து வந்தது? ஆற்றங்கரையிலிருந்து வந்தது என்று சிறுவரும் சொல்லிவிடுவர். அந்த ஆற்றங்கரை எதிலிருந்து உண்டாயிற்று, இவ்வுலகம் எதிலிருந்து உண்டாயிற்று, நாம் சுமந்து திரியும் இவ்வுடம்பு எதனால் ஆயது என்று வினாவை மேலே மேலே கொண்டு சென்றால், கற்றோரும் சிறிது நின்றுதான் விடை கூறுவர். அவ்விடையாக வடமொழி நூல்களிலே வழங்கும் சில சொற்களைக் குறித்து இன்று சிந்திப்போம்.

மூலப்பிரகிருதி, பிரதானம், அவ்வியத்தம், மாயை, விந்து, குடிலை, ஆகாசம் என்பன அச்சொற்கள். இவற்றையெல்லாம் ஒரு பொருட் பன்மொழி என்று கொண்டு, ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதுவாரும் பேசுவாரும் உளர். அது சொல்லளவில் நிற்கும் பிழையன்று. உலகிற்கு மூலமான பொருள் எது என்பதிலே தவறினால், இறைவன் யார் என்பதிலும் தவறுவோம். நம்முடைய துன்பம் மெய்யா பொய்யா என்பதிலும் தவறுவோம். ஆதலின் இதனைச் சற்றுப் பொறுமையோடு கேட்டல் வேண்டும்.

ஐந்து கோயில்களும் ஐம்பூதமும்

மதுரையிலுள்ள அடியார்கள் இந்நகரத்திலேயே ஐம்பூதத் தலங்கள் ஐந்தும் உள என்று கூறி வழிபடுவது வழக்கம். மேல மாசி வீதியிலே இம்மையில் நன்மை தருவார் திருக்கோயில் மண், நமக்கு அருகே செல்லூரிலே, திருஞானசம்பந்தப் பிள்ளையார் பாடியருளிய திருவாப்பனூர் நீர், தென்திருவாலவாய் தீ, தெப்பக்குளத்து முக்தீசுவரர் திருக்கோயில் காற்று, அங்கயற்கண்ணி அம்மையோடு சோமசுந்தரக் கடவுள் எழுந்தருளிய பெருங்கோயில் வெளி. இவ்வைந்தையும் ஒரே நாளில் வலம் வந்து வணங்குவோர் பலர்.

மண், நீர், தீ, காற்று, வெளி என்னும் இவ்வைந்தும் கண்ணுக்கும் கருத்துக்கும் எளிதில் புலனாவன. ஆயினும் இவை முடிந்த இடம் அல்ல, தொடங்கும் இடமே. வெளி ஓசை என்னும் நுண்பொருளிலிருந்தும், காற்று ஊறு என்னும் நுண்பொருளிலிருந்தும், அவ்வாறே ஏனையவும் தத்தமக்குரிய தன்மாத்திரைகளிலிருந்தும் தோன்றின என்பர் நூலோர். தன்மாத்திரைகள் பூதாதி என்னும் அகங்காரத்திலிருந்து தோன்றும். அகங்காரம் புத்தியிலிருந்து தோன்றும். புத்தி குணங்களிலிருந்து தோன்றும். இவ்வாறு ஒவ்வொரு படியாக ஏறிப் போகும்போது, இனித் தோன்றியதற்கு முன்னே வேறொன்றில்லை என்று நிற்கும் இடம் ஒன்று வரும். அவ்விடத்திற்கு எப்பெயர் இடுவது என்பதிலேதான் சமயங்கள் பிரிகின்றன.

சாங்கியர் கூறுவது

சாங்கிய நூலார் அவ்விடத்தை மூலப்பிரகிருதி என்றனர். பிரகிருதி என்பது பிறவற்றைத் தோற்றுவிப்பது. மூலம் என்ற அடைமொழி, அது தான் வேறொன்றினின்றும் தோன்றாதது என்பதை உணர்த்தும். எல்லாம் ஒடுங்கும்போது தன்னுள் வைத்துக் கொள்வதனால் பிரதானம் என்றனர். இன்ன வடிவு என வெளிப்படாது நிற்றலின் அவ்வியத்தம் என்றனர். ஆக இம்மூன்றும் சாங்கியத்திலே ஒரு பொருளையே குறிக்கும். ஈசுவர கிருட்டிணர் இயற்றிய சாங்கிய காரிகை இம்மூலப்பிரகிருதியோடு அதினின்றும் தோன்றிய இருபத்து மூன்றையும் கூட்டி இருபத்து நான்கு தத்துவமாகவும், புருடனைச் சேர்த்து இருபத்தைந்தாகவும் எண்ணுகிறது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. மூலப்பிரகிருதி என்றவுடன் இக்காலத்து விஞ்ஞானிகள் கூறும் அணுவையோ சடப்பொருளையோ நினைப்பவர் உளர். சாங்கியத்தின்படி மனமும் புத்தியும் அகங்காரமும்கூடப் பிரகிருதியின் காரியங்களே. கல்லும் மண்ணும் மட்டுமல்ல, "நான் எண்ணுகிறேன்" என்று சொல்லும் கருவியும் அதினின்றும் வந்ததே. ஆதலின் அணுவும் மூலப்பிரகிருதியும் ஒன்றாகா.

சாங்கியரோடு நமக்கு உடன்பாடு பெரிது, வேற்றுமையும் பெரிது. இல்லது தோன்றாது, உள்ளதே தோன்றும் என்னும் சற்காரிய வாதம் இருவர்க்கும் பொது. எள்ளிலிருந்து எண்ணெய் வரும், மணலிலிருந்து வாராது. ஆனால் அறிவில்லாத பிரகிருதி தானே எழுந்து தொழிற்படும் என்பர் அவர். கன்றின் பொருட்டுப் பால் தானே சுரப்பது அவர் காட்டும் உவமை. பால் அறிவற்றதுதான், சுரக்கும் பசுவோ அறிவற்றதன்று. உயிரும் கன்றின்மேல் அன்பும் உடைய பசுவின் மடியிலிருந்துதான் பால் சுரக்கிறது. உயிர் நீங்கிய பசுவின் மடி சுரந்ததை யாரும் கண்டதில்லை. ஆகவே சடத்தை இயக்க ஓர் அறிவு வேண்டும், அதுவும் அருளுடைய அறிவாதல் வேண்டும் என்பது அவருடைய உவமையாலேயே பெறப்படும்.

சைவ சித்தாந்தம் கூறுவது

சாங்கியர் இறுதிப் படியென்று நின்ற இடம் நம் நூல்களிலே இடைப்படியாகவே உள்ளது. நம் ஆகமங்களும் மெய்கண்ட நூல்களும் தத்துவங்கள் முப்பத்தாறு என்று எண்ணுகின்றன: ஆன்ம தத்துவம் இருபத்து நான்கு, வித்தியா தத்துவம் ஏழு, சிவ தத்துவம் ஐந்து. மூலப்பிரகிருதி தானே மூலமன்று. அது கலை என்னும் தத்துவத்திலிருந்து தோன்றுவது. கலை அசுத்த மாயையிலிருந்து தோன்றுவது. அசுத்த மாயைக்கும் மேலே சுத்த மாயை உண்டு. சுத்த மாயைக்கு விந்து, குடிலை, குண்டலினி என்னும் பெயர்களும் உண்டு. நாம் பேசும் சொல்லுக்கு அதுவே மூலம். சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் அதினின்றே தோன்றும் என்பது சித்தாந்தம்.

ஆகவே ஒரே சொல் இரண்டு வீட்டிலே இரண்டு நிலையில் வாழ்கிறது. மூலப்பிரகிருதி சாங்கியர் வீட்டிலே தலைவி. நம் வீட்டிலே மூன்றாம் தலைமுறையாள். இதை உணராது இருநூலையும் ஒன்றாகப் படிப்பவர் வழி தவறுவர்.

மாயை என்னும் சொல்லுக்கு நம் ஆசிரியர்கள் கூறும் பொருளும் அறியத்தக்கது. மாய்தல் என்பது ஒடுங்குதல். யா என்பது வருதல். எல்லாம் ஒடுங்குதற்கும் மீள வருதற்கும் இடமாவது மாயை என்பது அவர் கருத்து. பொய்த்தோற்றம் என்னும் பொருள் அச்சொல்லிலே அவர்க்கு இல்லை. மாயை உள்பொருள், என்றும் உள்ளது, வடிவற்றது, எங்கும் பரந்தது, ஆயினும் அறிவற்றது. விதையுள் மரம் போல உலகம் அதனுள் அடங்கியிருக்கும்.

ஏகான்ம வாதியர் கூறும் மாயை வேறு. அதை உள்ளது என்றும் சொல்லொணாது, இல்லது என்றும் சொல்லொணாது என்பர். கயிற்றிலே அரவு தோன்றினாற் போலப் பிரமத்திலே உலகம் தோன்றும் என்பர். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, பொருளோ வேறு. உமாபதி சிவாசாரியார் 1313 ஆம் ஆண்டிலே இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மாயாவாதம் முதலிய கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்ததும், சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே மாபாடியத்தில் சொல்தோறும் இவ்வேற்றுமையைக் காத்ததும் இது பற்றியே.

அடையாற்றிலிருந்து வந்த வழக்கு

இச்சொற்கள் மேலும் கலந்ததற்கு ஓர் அண்மைக் காலக் காரணமும் உண்டு. பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பிறரும் 1875 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலே தொடங்கிய பிரம்மஞான சபை 1882 இல் சென்னை அடையாற்றிலே தலைமையிடம் கொண்டது. 1886 ஆம் ஆண்டின் இறுதியிலே டி. சுப்பா ராவ் என்னும் அறிஞர் அங்கே பகவத்கீதையைப் பற்றி ஆங்கிலத்தில் சொற்பொழிவாற்றி, மூலப்பிரகிருதியைப் பரப்பிரமத்தின்மேல் இடப்பட்ட ஒருவகைத் திரையாக விளக்கினார். பிளவாட்ஸ்கி அம்மையார் 1888 இல் வெளியிட்ட பெருநூல் இவ்விளக்கத்தை மேற்கொண்டு, பரப்பிரமமும் மூலப்பிரகிருதியும் ஒரே முதலின் இருபுடைகள் என்னும் கருத்தினை விரித்தது. ஆகாசம் என்னும் சொல்லையும் ஐந்தாம் பூதத்திற்கு மேற்பட்டதொரு நுண்முதலுக்குப் பெயராக ஆண்டது.

அச்சபையார் நம் நாட்டு நூல்களின்மேல் உலகத்தின் கண்ணைத் திருப்பினர், அது மறக்கத்தக்கதன்று. யாம் குறைகூற வரவில்லை. அவருடைய மறைபொருள் தத்துவத்தில் இச்சொற்களுக்கு அவர் வைத்த பொருள் அவருடையது என்பதையே கூறுகின்றோம். சாங்கியத்திலே மூலப்பிரகிருதி யாருடைய திரையும் அன்று; தனிமுதல். சித்தாந்தத்திலே அது மாயையின் வழித்தோன்றல். ஆகாசமோ நம் கணக்கிலே முப்பத்தாறனுள் கீழ்ப்படியில் நிற்கும் பூதம். பழகிய சொல்லைக் கண்டவுடன் பழகிய பொருள் என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்திலேயே ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895 இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டு, 1897 முதல் சித்தாந்த தீபிகை என்னும் திங்களிதழ் வாயிலாகச் சைவர் இச்சொற்களை எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதை ஆங்கிலம் கற்றோர்க்கு எடுத்துரைத்தார். அத்தொண்டின் அருமை இதனால் விளங்கும்.

மண்ணும் மண் சுமந்தவரும்

இனி, இவ்வேற்றுமையால் நமக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். மதுரைக்கு அருகே விளாச்சேரியிலே நவராத்திரிக்கு வேண்டிய மண்பொம்மைகள் செய்கின்றனர். பொம்மைக்கு மண் முதற்காரணம். அச்சும் சூளையும் துணைக்காரணம். செய்பவர் நிமித்த காரணம். உலகிற்கு மாயை முதற்காரணம். இறைவனுடைய சத்தி துணைக்காரணம். இறைவன் நிமித்த காரணம். பொம்மை உடைந்தால் உடைந்தது மண்ணே, செய்தவர் உடைவதில்லை. இறைவனே உலகாகத் திரிந்தான் என்று கூறினால், உலகிலுள்ள நோயும் அழுக்கும் அறியாமையும் அவனுடைய திரிபாகிவிடும். திரிபுடையதற்கு அழிவுண்டு. அழிவுடைய ஒருவன் நம்மை எங்ஙனம் எடுத்துக் காப்பான்?

இதனைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலிலே அறுபத்தோராம் படலமாகிய மண் சுமந்த படலத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். வைகை பெருகிக் கரை உடைந்தது. ஊரார் ஒவ்வொருவர்க்கும் கரையிலே ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. பிட்டு விற்று வாழ்ந்த வந்தியம்மைக்கும் ஒரு பங்கு விழுந்தது. மகன் இல்லை, சுற்றம் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. பெருமான் மண்வெட்டியும் கூடையும் கொண்டு கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டார். மண்ணை வெட்டிச் சுமந்தார்.

அவர் மண்ணைச் சுமந்தார், மண்ணாகவில்லை. தமக்காகவும் சுமக்கவில்லை, வந்தியின் பங்கிற்காகச் சுமந்தார். ஆணவ இருளிலே கிடக்கும் உயிர் தனக்கு வேண்டிய உடம்பையும் கருவியையும் தானே திரட்டிக்கொள்ள மாட்டாது. அடைக்க வேண்டிய கரை எதிரே இருக்க, ஆளின்றி நின்ற வந்தியின் நிலையே அதன் நிலை. அவ்வுயிருக்காக இறைவன் மாயையாகிய மண்ணை எடுத்து, உடம்பு, கருவி, உலகு, நுகர்பொருள் என்று வடித்துத் தருகின்றான். அவனுக்கு இதனால் வரும் ஊதியம் உதிர்ந்த பிட்டு அளவினதே. முதற்காரணம் நிமித்த காரணம் என்று தருக்க நூல் வழியாகக் கற்பதனை மதுரைப் பிள்ளைகள் கூடையும் மண்வெட்டியுமாகக் கண்ணாலேயே கண்டு விடுகின்றனர்.

இங்கே ஒரு தடை எழும். பாண்டியன் பிரம்பால் அடித்த அடி எல்லா உயிர்மேலும் பட்டதன்றோ? ஆயின் எல்லாம் அவனே என்பதுதானே முடிவு என்று கேட்பர். உடம்பிலே அடி பட்டால் உயிர் துடிக்கிறது. அதனால் உயிர் தசையாகிவிடுமா? கலப்பினால் ஒன்றாய் நிற்கிறது. பொருளினால் வேறாய் இருக்கிறது. இறைவனும் அவ்வாறே உயிர்க்குயிராய், உலகினின்று பிரிக்க ஒண்ணாதவனாய் நிற்கின்றான். சித்தாந்தம் அத்துவிதம் என்று கூறும் கலப்பு இதுவே. அடி எங்கும் பட்டது அவன் எங்கும் நிறைந்தமையால். அவன் மண்ணாகத் திரிந்தமையால் அன்று.

துக்க வீட்டிலே ஒரு சொல்

இச்சொற்களின் வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு ஒன்று கூறுகின்றோம். துக்க வீட்டிற்கு ஆறுதல் சொல்லப் போகின்றவர்கள், "எல்லாம் மாயை, அம்மா, அழாதீர்கள்" என்று சொல்லி வருகின்றனர். மகனை இழந்த தாய் அதை எவ்வாறு கொள்வாள்? தான் பெற்றதும் வளர்த்ததும் பொய், அவன் சிரித்ததும் பொய், இப்போது அழுவதும் பொய் என்றன்றோ கொள்வாள்? அறியாமல் சொன்ன ஒரு சொல், எரியும் நெஞ்சிலே மேலும் ஒரு கொள்ளியை வைக்கிறது.

சைவன் அவ்வாறு சொல்லலாகாது. மாயை என்பது பொய் என்று நம் ஆசிரியர் சொல்லவில்லை. அப்பிள்ளையின் உடம்பு மெய்யாகவே இருந்தது. மாயையிலிருந்து எடுத்துத் தரப்பட்டது, மாயையிலேயே ஒடுங்கியது. நிலையாமை வேறு, பொய்ம்மை வேறு. உயிரோ மாயையில் தோன்றியதன்று. ஆதலின் மாயையில் ஒடுங்குவதும் அன்று. அவ்வுயிர்க்கு உடம்பு தந்த கருணை உடம்போடு முடிந்து போவதும் அன்று. இதைச் சொல்லத் தெரியாவிட்டால் அருகே அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு வாளா இருத்தலே நன்று.

மாயை பொய்யன்றாயின் அதனை மலம் என்று எண்ணியது ஏன் என்று கேட்கலாம். ஆடை வெளுப்போர் அழுக்கை நீக்க உவர்மண்ணைச் சேர்ப்பது நம் ஆசிரியர் காட்டும் உவமை. உவர்மண்ணும் ஆடைக்கு வேறான பொருளே; வெளுத்த பின் அதனையும் அலசி நீக்க வேண்டியதே. ஆனால் அது இன்றி முன்னைய அழுக்குப் போகாது. ஆணவம் முன்னைய அழுக்கு. மாயை அதனைப் போக்கவந்த மண். ஆணவமே இருள், மாயையோ விடியுமளவும் உதவும் கைவிளக்குப் போன்றது. விளக்கையே பகலவன் என்று கொள்பவனும் வழி தவறுவான். விளக்கைப் பொய்யென்று வீசி எறிபவனும் இருளிலே இடறுவான்.

நாம் செய்யத்தக்கது

ஆதலின் அன்பர்களே, எந்நூலிலாயினும் மூலப்பிரகிருதி, மாயை, ஆகாசம் என்னும் சொற்களைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுங்கள். இதனை எழுதியவர் எந்தச் சமயத்தின் வழியில் நின்று எழுதுகின்றார்? அவர் இப்பொருளை உள்ளது என்கின்றாரா, தோற்றமென்கின்றாரா? அதனை இயக்குபவர் யார் என்கின்றார்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னர், எந்நூலைப் படித்தாலும் இடரில்லை. பிறர் கொள்கையை இகழவும் நேராது, நம் கொள்கையை இழக்கவும் நேராது.

உடம்பையும் இக்கருத்தோடு பேணுங்கள். அது நம்மதன்று, நம் பொருட்டுச் சுமந்து வந்து தரப்பட்டது. அதனை இகழ்ந்து வாட்டுவதும் தகாது. அதுவே நாம் என்று செருக்குவதும் தகாது. திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப் படை ஏந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியது மெய்யான புல், மெய்யான கை, மெய்யான தொண்டு. உலகம் பொய்யாயின் அத்தொண்டும் பொய்யாய் முடியும். உலகமே இறைவனாயின் செதுக்கப்பட்ட புல்லுக்கும் தொழப்பட்ட இறைவனுக்கும் வேற்றுமை இல்லையாய் முடியும். இரண்டும் அன்று என்பதனாலேயே தொண்டுக்குப் பொருள் உண்டு.

நாளைக் காலையிலே ஐம்பூதத் திருக்கோயில்களுக்குப் புறப்படும் அன்பர்கள் இங்கிருந்து அணித்தாயுள்ள திருவாப்பனூரிலே தொடங்கலாம். ஒவ்வொரு சந்நிதியிலும் அவ்வப் பூதத்தை நினைந்து, இது எமக்காக எடுத்துத் தரப்பட்டது என்று எண்ணி, தந்தவனைத் தொழுக. இயன்றவர் அங்கங்கே ஒரு நாழிகை நின்று, பிராகாரத்தைத் துப்புரவு செய்துவிட்டு வருக.

திருச்சிற்றம்பலம்